கூலி வாங்காத ஜாக்கி

பந்தயக் குதிரையின் முதுகில் ஏறுவதற்கு, அதையே ஜீவனமாகக் கொண்டு கூலி வாங்கும் ஜாக்கிக்கு மாத்திரமே யோக்கியதை உண்டு என்றும், ஆசைக்காகச் சவாரி செய்யும் அமெச்சூர்களை அவ்விடத்தில் அனுமதித்தால் பந்தயத்தின் தரம் கெடுவதோடு குதிரைக்கும் உடன் ஓடுகிறவர்களுக்கும் ஆபத்து நேரும் என்றும் ஓர் அபிப்பிராயம் பந்தய ரசிகர்களிடையே வெகுகாலமாக வேரூன்றி இருக்கிறது. ரேஸ் புத்தகத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயிலேறி, பீச்சில் வண்டி மாறிக் கிண்டிக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயிலாக இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "சம்பளம் வாங்காதவனுக்கு இன்னா சார் பொறுப்பு?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான், அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் பதில்தான் நியாயமாக இல்லை.

முதலாவதாக, கூலி இல்லாத இடத்தில் திறமை இராது என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் எயின்ட்ரி மைதானத்தில் நடைபெறும் கிராண்ட் நேஷனல், நாலேகால் மைலுக்கு மேற்பட்ட தூரத்தையும் முப்பது தடைகளையும் கொண்டது. குதிரைச் சவாரியில் அதைவிடக் கடுமையான பரீட்சை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. அந்த ஓட்டத்தை 1982-இல் கிரிட்டார் என்னும் குதிரையின் மேலிருந்து வென்ற டிக் சாண்டர்ஸ் ஒரு விவசாயி, வயது 48, அதற்கு முன்னும் பின்னும் அத்தனை வயதில் ஒருவரும் அதை வென்றதில்லை. 1990-இல் மிஸ்டர் ஃபிரிஸ்க் மேலேறி வென்றவர் மார்கஸ் ஆர்மிடேஜ் என்னும் பத்திரிகையாளர். அன்று அவர் எடுத்துக்கொண்ட 8 நிமிஷம் 47.8 விநாடியே அந்த ஓட்டத்தின் மிகக் குறைந்த நேரமாக இன்றளவும் நிற்கிறது. 2022-இல் வென்ற சாம் வேலி-கோஹன் பல் வைத்தியசாலைகள் நடத்தும் வியாபாரி. 2025-இல் நிக் ராக்கெட்டைச் செலுத்தி வென்ற அயர்லாந்துக்காரரான பேட்ரிக் மல்லின்ஸும் அமெச்சூர் அனுமதிச் சீட்டு உடையவரே. இவர்கள் எல்லோரும் கூலிக்காரர்களோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே தடைகளைத் தாண்டி வென்றவர்கள். திறமை என்பது எத்தனை வருஷம், எத்தனை விடியற்காலை, எத்தனை விதமான குதிரைகளின் மேல் ஒருவன் உட்கார்ந்தான் என்பதைப் பொறுத்ததேயன்றி, மாதக்கடைசியில் அவன் கைக்கு என்ன வந்தது என்பதைப் பொறுத்ததன்று.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய செய்தியுமன்று. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, நாடகமாடுவது கம்பெனிக்காரர்களின் தொழிலாயிற்றே, படித்த உத்தியோகஸ்தர்களுக்கும் வக்கீல்களுக்கும் அரிதாரம் எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சாயங்காலங்களில் ஒத்திகை பார்த்த அந்த அமெச்சூர்கள் தமிழ் மேடைக்குச் செய்தது கேடா, நன்மையா என்பதை நாடக சரித்திரம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது வாதம் விசித்திரமானது. ஏனெனில் அது முதல் வாதத்தையே வெட்டிச் சாய்ப்பது. அமெச்சூருக்குத் திறமை போதாது என்று காலையில் சொன்ன அதே பெரியவர், பணத்தைத் தோற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது, "குதிரை ஓடுது, மேல குந்தினு இருக்கறவன் இன்னா பண்றான்?" என்று கேட்பார். மேலே இருப்பவன் ஒன்றும் செய்வதில்லை என்றால் அங்கே அமெச்சூர் இருந்தால் என்ன, ஆயுட்கால ஜாக்கி இருந்தால் என்ன? இவ்விரண்டையும் ஒருங்கே நம்புவதற்குத் தர்க்க சாஸ்திரம் இடங்கொடாது. சட்டமும் அவர் பக்கம் இல்லை. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் இயற்றிய சட்டம் பல்லாண்டு வழக்காடப்பட்டு, கடைசியில் 1996-இல் உச்ச நீதிமன்றம், இது குருட்டு அதிர்ஷ்டமன்று, திறமையே மேலோங்கிய ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அப்படித் தீர்ப்பதற்குக் குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஓட்டுகிறவனின் சாமர்த்தியமுமே ஆதாரமாயின.

மேலே இருப்பவன் செய்வது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஜாக்கிகள் நீண்ட அங்கவடியில் காலைத் தொங்கவிட்டு, சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து டாட் ஸ்லோன் என்பவர் 1897-இல் இங்கிலாந்துக்கு வந்து, அங்கவடியைக் குட்டையாக்கி, முழங்காலை மடக்கி, குதிரையின் பிடரிமேல் குனிந்து தொங்கினாற்போல் ஓட்டியபோது, குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நெடுநாளாகவில்லை; அம்முறை பரவிய காலத்தில் பெரிய ஓட்டங்களின் நேரம் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறைந்தது. காரணத்தை லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் அளந்து வெளியிட்டார்கள். பாய்ந்தோடும் குதிரையின் உடல் ஒவ்வொரு பாய்ச்சலிலும் சற்றே வேகங்கூடிச் சற்றே வேகங்குறைகிறது. சேணத்தில் அமர்ந்திருப்பவனின் எடையையும் அது ஒவ்வொரு முறையும் கூடவே உந்தித் தள்ள வேண்டியிருக்கிறது. சேணத்தைத் தொடாமல் அங்கவடியில் நின்று குனிந்திருப்பவனோ, அந்த ஆட்டத்தைத் தன் கால்களிலேயே வாங்கிக்கொள்வதால், குதிரை அவன் எடையைச் சுமக்கிறதே தவிர அவனை இழுத்தலைவதில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஐந்நூறு கிலோ ஜீவன் ஒன்றின் முதுகில், பாதத்தின் முன்பாகத்தை மட்டும் ஊன்றி, தொடை நடுங்காமல் ஒன்றேகால் நிமிஷம் அப்படி நின்று பாருங்கள். குந்தியிருப்பதன் சுகம் தெரியவரும். அப்பியாசமில்லாத அமெச்சூருக்கு முதலில் விட்டுப்போவது கடைசி இருநூறு மீட்டரில் இந்தக் கால்கள்தான் என்பதையும், இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் கூலிக்கு ஓட்டிய ஜாக்கியே என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பியாசம் எவருக்கும் பட்டயம் போட்டு எழுதிக் கொடுத்த சொத்தன்று.

ஆபத்தைப் பற்றிய வாதமே இவற்றுள் கனமானது. கும்பலாக ஓடும் குதிரைகளின் நடுவே ஒருவன் கோடு மாறிக் குறுக்கே வந்தால், பின்னால் வருகிறவனின் உயிர் போகும். அந்த விபத்து தேர்ந்த ஜாக்கிகளிடையேயும் நடப்பதுதான். 1979-இல் பம்பாய் மஹாலக்ஷ்மி மைதானத்தில் விழுந்து, பத்தொன்பதே வயதில் மாண்ட கார்ல் உம்ரிகர் தொழில் ஜாக்கியே, அதிலும் நாடே எதிர்பார்த்திருந்த ஜாக்கி. ஆகவே ஆபத்தைக் குறைப்பது விதியும் கண்காணிப்புமே. பிரிட்டனில் அமெச்சூருக்கு அனுமதி இரண்டு படியாகத் தரப்படுகிறது: பயிற்சியும் தேக பரிசோதனையும் முடித்தவன் முதலில் தன்னையொத்த அமெச்சூர்களோடு மட்டுமே ஓடலாம்; தேறிய பின்னரே கூலி ஜாக்கிகளோடு ஓடும் இரண்டாம் அனுமதி. தடை தாண்டும் ஓட்டத்து உதாரணங்களைக் காட்டிச் சமதள ஓட்டத்துக்கு நியாயம் பேசுகிறாயே என்று கேட்பவர்கள், டெர்பி நடக்கும் அதே எப்சம் மைதானத்தின் இறக்கத்திலும் வளைவிலும் அமெச்சூர்களுக்கென்றே ஓர் ஓட்டம் பல்லாண்டுகளாக நடந்துவருவதைக் கவனிக்கலாம். தண்டனையிலும் பாரபட்சமில்லை. 2022-இல் கிராண்ட் நேஷனலை வென்ற வேலி-கோஹன் சாட்டையை விதிக்கு மிஞ்சி வீசினார் என்று ஒன்பது நாள் தடையும் அபராதமும் விதித்தார்கள். அன்றோடு ஓய்வு பெறுவதாக அவர் முன்பே அறிவித்திருந்தபடியால் தடை பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி, அமெச்சூர் சவாரி பணக்காரர் விளையாட்டு என்னும் வாதம். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறுக்க எனக்கு மனமில்லை. கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியிருக்கின்றன. மதராஸ் ரேஸ் கிளப் 1896-இல் ஏற்பட்டது. ஆதியில் சொந்தக் குதிரையில் தாமே ஏறிய துரைமார்கள் அமெச்சூர்கள், கூலிக்கு ஏறியவர்கள் வேலைக்காரர்கள் என்பதே பிரிவினை. இங்கிலாந்தின் பந்தய அட்டையில் அமெச்சூரின் பெயருக்கு முன் "மிஸ்டர்" போட்டு, ஜாக்கிக்கு அதுகூட இல்லாமல் அச்சிட்டுவந்ததும் அந்தப் புத்தியின் மிச்சமே. ஆனால் இதிலிருந்து அமெச்சூரை ஒழிக்க வேண்டும் என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? வாசல் குறுகலாயிருந்தால் அகலமாக்குவதா, சுவரெழுப்பி அடைப்பதா? ரேச்சல் பிளாக்மோர் அமெச்சூராக ஓட்டிப் பழகி, 2015-இல் தொழிலுக்கு வந்து, 2021-இல் கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண்மணியானார். அந்த வாசல் இல்லாதிருந்தால் அவரைச் சோதித்துப் பார்க்க வேறு வழி இராது.

எங்கள் ஊரிலேயே, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரையை விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் நடத்திப்போகும் ஒரு பையனைப் பார்க்கிறேன். சேணம் கிடையாது; கோணியை மடித்துப் போட்டிருக்கிறான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் ஏர் பிரேக்கைச் சீறவிட்டபோது குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிப் பக்கவாட்டில் துள்ளியது. பையன் கடிவாளத்தை இழுக்கவில்லை, இடுப்பைத் தளர்த்தி அந்தத் துள்ளலோடு போய், கழுத்தைத் தட்டி, மறுபடி நடக்கவிட்டான். இவனை அமெச்சூர் என்று எந்த ஏட்டிலும் எழுதமாட்டார்கள், ஜாக்கி என்றும் எழுதமாட்டார்கள். தரம் குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள், தேகக்கட்டும் துணிச்சலும் உள்ள இப்படிப்பட்டவனை ஒரு பரீட்சைக்காவது அழைக்கலாம்.

கடைசியாக, பந்தயம் கட்டுகிறவரின் மனத்தாங்கல்: என் காசு அவன் முதுகில் ஏறுகிறது, தேறாதவனிடம் அதை ஏன் ஒப்படைப்பது? ஒப்படைக்கும்படி ஒருவரும் வற்புறுத்துவதில்லை. ஓட்டுகிறவன் யாரென்று அட்டையில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கிறது. அவனுக்குத் தக்கபடியே விலையும் போடப்படுகிறது. 2022-இல் அந்தப் பல் வைத்தியசாலை முதலாளி ஏறிய நோபிள் யேட்ஸுக்கு ஒன்றுக்கு ஐம்பது விலை சொன்னார்கள். அமெச்சூரென்று அஞ்சி ஒதுங்கியவர்கள் சாயங்காலம் என்ன சொல்லிக்கொண்டார்களோ தெரியாது. அவ்வளவும் சொன்ன பிறகும் மனம் துணியாத எங்கள் ஊர்ப் பெரியவர், அந்த ஓர் ஓட்டத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்கு எந்த மைதானத்திலும் தடையில்லை.