வெள்ளித் துகளும் சூரிய மின்கலமும்: எதனுடன் ஒப்பிடுவது?

டிராம்பேயில் அணுசக்தி நிலையம் நிறுவப்பெற்ற 1954-ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அக்கலம் மின்சக்தியாக மாற்றியது. இன்று சாதாரணமாக விற்பனையாகும் கலங்கள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. இந்நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறனும் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 ஜிகாவாட்டை எட்டியது. ஆயினும் ஒரு குறை எஞ்சியே நிற்கிறது. கண்ணாடியும் சட்டமும் சேர்ந்த சிலிக்கன் பலகையின் எடை சதுர மீட்டருக்கு 10 கிலோகிராமுக்குக் குறைவதில்லை. டிராம்பேக்கு வெகு தொலைவில் இல்லாத தாராவியின் தகரக் கூரைகள் அப்பாரத்தை ஏற்பது எளிதன்று. எடை குறைந்த, வளையக்கூடிய மெல்லிய படலக் கலங்களின்பால் விஞ்ஞானிகளின் நாட்டம் சென்றதற்கு இத்தகைய கூரைகளும் ஒரு காரணம்.

படலம் மெல்லியதாகும்போது ஒரு சங்கடம் ஏற்படுகிறது. நீல ஒளியைச் சிலிக்கன் தன் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். சிவப்பொளியும் அதற்கு அப்பாற்பட்ட அகச்சிவப்புக் கதிர்களும் நெடுந்தூரம் ஊடுருவிச் சென்ற பின்னரே விழுங்கப்படும். தடித்த சிலிக்கன் தகட்டில் இக்குறையை எளிதில் போக்கிவிடுகின்றனர். காரக் கரைசலில் தகட்டை அரித்துச் சில மைக்ரான் உயரமுள்ள கூம்புகளை மேற்பரப்பெங்கும் உண்டாக்கினால், உள்ளே புகும் ஒளி சாய்ந்து சென்று நீண்ட வழி நடக்கிறது. ஆனால் படலத்தின் கனமே ஒரு மைக்ரானாக இருக்கையில் அதில் கூம்பு செதுக்குவது எங்ஙனம்? ஒரு சாண் மண்ணில் ஆளுயரக் கிணறு தோண்ட இயலாது.

இவ்விடத்தில்தான் உலோகத் துகள்கள் வருகின்றன. பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கினால் அதன் மஞ்சள் நிறம் மறைந்து செந்நிறம் தோன்றுவதை 1857-இல் மைக்கேல் பாரடே ஆராய்ந்தார். 1908-இல் குஸ்தாவ் மீ அதற்குரிய கணிதத்தை வகுத்தளித்தார். துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியலையின் தாளத்துக்கு இசைந்து ஒன்றுசேர்ந்து ஊசலாடுகின்றன. அதனால் துகள் தன் உருவளவையும் மீறிய பரப்பிலிருந்து ஒளியைக் கவர்ந்து, பக்கவாட்டில் சிதறடிக்கிறது. அவ்வாறு சிதறிய ஒளி படலத்துக்குள் சிறைப்படும். தயாரிப்பு முறையும் எளியதே. வெற்றிடத்தில் 10 முதல் 20 நானோமீட்டர் கனத்துக்கு வெள்ளியைப் படியவைத்து, சுமார் 200 டிகிரி சென்டிகிரேடில் சூடேற்றினால், அப்பூச்சு தாமரையிலை நீர்போல் தனித்தனித் திட்டுகளாகத் திரண்டுவிடும். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சுப்ரியா பிள்ளை, கைலி காட்ச்போல், மார்ட்டின் கிரீன் முதலியோர் 2007-இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் பெரும் ஊக்கத்தை விளைவித்தது. 1.25 மைக்ரான் கனமுள்ள சிலிக்கன் படலத்தில் வெள்ளித் துகள்களை அமைத்தபோது, 1050 நானோமீட்டர் அலைநீளத்தில் மின்னோட்டம் 16 மடங்கு வரை உயர்ந்தது. இந்தப் பதினாறு என்னும் எண்ணே பலருடைய நினைவில் நின்றது. ஆனால் அந்த அலைநீளத்தில் அத்தகைய படலம் ஒரு முறை கடந்து செல்லும் ஒளியில் ஆயிரத்தில் ஏறக்குறைய 2 பங்கையே விழுங்கும். காலணாவைப் பதினாறு மடங்காக்கினால் நாலணாதான் கிடைக்கும். எல்லா அலைநீளங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மின்னோட்டம் நூற்றுக்கு 33 பங்கு கூடியது. இதுவும் சிறந்த பேறே. எனினும் 16 மடங்கு வேறு, மூன்றில் ஒரு பங்கு வேறு. ஆராய்ச்சியாளர் இரண்டையும் மறைக்காமல் தெரிவித்தனர். அவற்றுள் ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பிறரே.

மேலும், அப்பரிசோதனை சமதளமான மேற்பரப்புள்ள கலத்தில் செய்யப்பட்டது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஆதாயத்தின் அளவு அமைகிறது. பூச்சில்லாத சிலிக்கன் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். அதன்மேல் எதைப் பூசினாலும் சிறிது நன்மை தோன்றக்கூடும். சந்தையிலுள்ள கலமோ கூம்புகளையும் சிலிக்கன் நைட்ரைடுப் பூச்சையும் ஏற்கெனவே உடையது. உருவமற்ற சிலிக்கன் படலக் கலத்திலும் சொரசொரப்பான ஆக்சைடு அடுக்கு அவ்வேலையைச் செய்கிறது. வெள்ளித் துகள் இவற்றை வென்றாக வேண்டும். வெறுங்கலத்தை வெல்வது வெற்றியாகாது.

துகள் தரும் நஷ்டத்தையும் எண்ண வேண்டும். துகள் 20 நானோமீட்டர் அளவுக்குச் சிறியதாயின், கவர்ந்த ஒளியைச் சிதறடிப்பதைவிட வெப்பமாக்குவதே மிகுதி. 100 நானோமீட்டரை ஒட்டிய துகள்களே சிதறடிப்பதில் வல்லவை. அவற்றையும் முகப்பில் வைத்தால் நீல ஒளியில் ஒரு பகுதி வீணாகிறது. அதனால் கலத்தின் பின்புறத்தில் வைக்கும் முறை பிற்பாடு விரும்பப்பட்டது. வெள்ளியின் விலையைக் காட்டி எழுப்பப்படும் ஆட்சேபணைமட்டும் வலுவற்றது. 15 நானோமீட்டர் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 0.16 கிராம் வெள்ளியே போதும்.

1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற டிராம்பே நிலையத்துக்கு இத்துறையில் தனித்த தகுதி உண்டு. வெள்ளி உப்புக் கரைசலில் காமாக் கதிர்களைச் செலுத்தினால் நீரிலிருந்து எலெக்ட்ரான்கள் விடுபட்டு, வெள்ளி அயனிகளை அணுக்களாக்கும். அவ்வணுக்கள் திரண்டு துகள்களாகும். இம்முறையை அங்குள்ள விஞ்ஞானிகள் நெடுங்காலம் பயின்றுள்ளனர். ஆனால் இதனால் எளிதிற் கிடைப்பவை பெரும்பாலும் சிறு துகள்களே. மருத்துவத்துக்கும் வினையூக்கத்துக்கும் உகந்த துகள் சூரிய கலத்துக்கும் உகந்ததென்று கொள்வது பிழை. செய்யத் தெரிந்த துகளுக்குக் கலத்தைத் தேடுதல் ஒரு வழி. கலத்துக்கு வேண்டிய துகளைச் செய்தல் மற்றொரு வழி. பொதுப்பணம் இரண்டாவது வழிக்கே செலவாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024-இல் திறக்கப்பட்ட தொழிற்சாலை, ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குக் காட்மியம் டெல்லூரைடு படலக் கலங்களைச் செய்யும் திறனுடையது. அப்பொருள் சில மைக்ரான் கனத்திலேயே ஒளியைப் போதிய அளவு விழுங்கிவிடுவதால், துகளின் உதவியை அது நாடவேண்டியதில்லை. ஆயினும் அக்கலங்களும் கண்ணாடிமேல் அமைந்தவையே. தகரக் கூரையின் குறை அவற்றால் தீராது. துகளுக்கு இடமுண்டெனில், ஒளியை மந்தமாக விழுங்கும் மிக மெல்லிய படலங்களிலேதான் உண்டு. அந்த இடம் குறுகியது, ஆனால் பொய்யானதன்று.

எஞ்சியிருப்பது ஆயுள். மாட்டுங்காவில் வாழும் தமிழர் இல்லங்களில் வெள்ளிக் குத்துவிளக்கு சில மாதங்களில் கறுப்பதை அறியாதார் இல்லை; காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே காரணம். விளக்கைத் துலக்கலாம், கலத்துக்குள் அடைபட்ட துகளைத் துலக்க முடியாது. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2013 முதல் பல முறை நடத்திய நாடளாவிய ஆய்வு, வெப்பமிகுந்த பகுதிகளிலும் சிறு கூரை அமைப்புகளிலும் சாதாரணப் பலகைகளே விரைந்து தளர்வதைக் கண்டுள்ளது. கடற்காற்றும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த டிராம்பேயைவிட இதற்கு ஏற்ற பரிசோதனைக்களம் வேறு தேட வேண்டுவதில்லை. துகள் பதித்த படலக் கலத்தையும் துகளற்ற சிறந்த படலக் கலத்தையும் ஒரே கூரையில் அருகருகே வைத்து, மூன்று மழைக்காலங்கள் கடந்தபின் இரண்டும் தந்த மின்சக்தியை அலகுக் கணக்கில் வெளியிடலாம். துகள் தோற்றிருப்பினும் அக்கணக்கு அச்சேற வேண்டும்.