‘தலைவெட்டியான் பாளையம்’: ஊர் மாறிடுச்சு, பஞ்சாயத்து மாறுச்சா?

இந்தி ‘பஞ்சாயத்’ சீரிஸை சப்டைட்டிலோட பார்த்து சிரிச்சவரா நீங்க? அப்போ 2024 செப்டம்பரில் பிரைம் வீடியோவில் வந்த தமிழ் ரீமேக் ‘தலைவெட்டியான் பாளையம்’ உங்களுக்குப் பெருசா புதுசா இருந்திருக்காது. உத்தரப் பிரதேச ஃபுலேராவுக்கு வேலைக்கு வந்த அபிஷேக், இங்கே சென்னையிலிருந்து வரும் சித்தார்த். பதவி மனைவிக்கு, அதிகாரம் கணவருக்கு என்ற காமெடியும் அப்படியே.

‘ரீமேக்னா அப்படித்தானே’னு கேட்பீங்க. பிரிட்டிஷ் சீரிஸான ‘தி ஆபீஸ்’ 2005-ல் அமெரிக்கா போனபோது, முதல் எபிசோடு கிட்டத்தட்ட காப்பிதான். ஆனா, இரண்டாவது எபிசோடிலேயே தங்கள் ஊர் ஆபீஸில் இருக்கும் இனப்பாகுபாட்டை காமெடியாக்கினாங்க. கதை அவங்களோடதா ஆனது அங்கேதான்.

நம்ம பஞ்சாயத்துல அப்படித் தொட வேண்டிய விஷயம் சாதி. இந்தி ‘பஞ்சாயத்’தில் சக்கரம் வெச்ச சேர் ஒண்ணு ஈகோ பிரச்னையாகும், சிரிப்போம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட போட்டோ 2020-ல் வெளியானது. நெல்லை பக்கத்துல தாழையூத்தில், 2011-ல் பட்டியலினப் பெண் தலைவர் வெட்டப்பட்டு, உயிர் பிழைச்சார்.

இதையெல்லாம் காமெடியில சொல்ல முடியுமா? முடியும். தரையில் உட்காரவைக்கப்பட்டவரைப் பார்த்து இல்லை, சேரை விட்டுக்கொடுக்க மறுக்கிறவரைப் பார்த்து நம்மைச் சிரிக்கவெச்சா போதும். வட்டார வழக்கை மட்டும் மாத்தினா அது டப்பிங்தான் மக்களே!