கையில் கட்டிய எண்

காணும் பொங்கலுக்கு மெரினாவில் எத்தனை ஆயிரம் போலீஸ் என்பதையெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். என் கண் போவது குழந்தைகளின் கையில் அவர்கள் கட்டிவிடும் பட்டையின் மேல்தான். அதில் பெற்றோரின் செல்போன் எண் இருக்கும். ஒரு வருஷம் என் பையனுக்குக் கட்டும்போது, பக்கத்தில் நின்ற அம்மாவும் கையை நீட்டினாள். “எனக்கும் ஒண்ணு கட்டும்மா, இவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.” பெண் காவலர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். கடலில் இறங்கத்தான் தடையாயிற்றே, சவுக்குக்கட்டைத் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து புளியோதரையைக் காலி செய்தோம். (குளிக்க முடியாத கடலுக்கு எதற்கு இத்தனை கூட்டம் என்பார் வெளியூர் நண்பர். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலுக்கு என்பேன்.) பையன் வீடு திரும்புவதற்குள் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டான். அம்மா மறுநாள் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.