கைப்பேசிக்குள் புகுந்த கந்துவட்டி

‘கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் மாதச் சம்பளத்தில் வாழும் நம்மில், இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்றுத் தேடாத குடும்பங்கள் சிலவே. சொந்த ஊராயின் மாமனிடமோ பங்காளியிடமோ கேட்கலாம். சைனிக்புரியில் வந்து குடியேறிய நமக்கு அவ்வசதி இல்லை. அயலாரிடம் கேட்கக் கூச்சமும் தடுக்கிறது. இக்கூச்சத்தையே முதலாகக் கொண்டு வளர்ந்ததுதான் கைப்பேசிக் கடன் செயலி என்னும் புதிய வட்டித் தொழில்.

அதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 5,000 ரூபாய் கடன் என்பார்கள். கட்டணமென்று 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 3,500 மட்டுமே கொடுப்பார்கள். ஏழாம் நாள் 5,000 ரூபாயும் கட்டியாக வேண்டும். ஒரு வாரத்திற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய் வட்டி! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,200 விழுக்காட்டையும் தாண்டும்.

வட்டியினும் கொடியது அடகு. நகையோ பத்திரமோ அவர்கள் கேட்பதில்லை. கைப்பேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் கவர்ந்துகொள்கின்றனர். தவணை தவறினால் உற்றாருக்கும் மேலதிகாரிக்கும் வசைச் செய்தி பறக்கும்; படங்கள் ஆபாசமாகத் திரிக்கப்படும். மானமே இங்கு ஈடு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் தெலங்கானாவில் இத்தொல்லை தாளாது சிலர் உயிர் துறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் காவல்துறையினர் ஹைதராபாத்திலும் குருகிராமத்திலும் இருந்த வசூல் நிலையங்களைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தனர்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் சட்டம் இயற்றியது. நுண்கடன் வசூலின் கொடுமையை அடக்க, ஒன்றுபட்ட ஆந்திரம் 2010இல் அவசரச் சட்டம் பிறப்பித்தது. செயலிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகளை வகுத்து, 2025 மே மாதத்தில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றின்படி, கடன் தொகை நேரே நம் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். எல்லாக் கட்டணமும் அடங்கிய ஆண்டு வட்டியை முன்னரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் தொடலாகாது. வேண்டாமென்று தோன்றினால், குறைந்தது ஒரு நாளுக்குள் அசலையும் அந்நாட்களுக்குரிய வட்டியையும் செலுத்தி, அபராதமின்றி விலகலாம்.

எனினும் அனுமதி பெறாத செயலிகள் சட்டத்திற்கு அஞ்சுவதில்லை. ஒன்றை மூடினால் வேறு பெயரில் மற்றொன்று முளைக்கிறது. ஆதலால், கடன் கேட்குமுன் அச்செயலி ரிசர்வ் வங்கியின் இணையத்தளப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் வைத்து, காவல் நிலையத்தை நாடுங்கள். 1930 என்ற எண்ணிலும் முறையிடலாம்.

லேவாதேவிக்காரரிடமிருந்து எளியோரை மீட்கவே 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இரயில்வே முதலிய துறைகளில் ஊழியர் கடன் சங்கங்கள் இன்றும் நடைபெறுகின்றன. அவற்றில் உறுப்பினராகத் தகுதியுடையோர், அவசரம் வரும் முன்பே சேர்ந்துவிடுவது நன்று.

ஏற்கெனவே சிக்கியோர் முதலில் இல்லத்தாரிடம் சொல்லிவிடட்டும். ‘வெளியே சொல்லிவிடுவோம்’ என்பதே மிரட்டுவோரின் ஆயுதம். வீட்டார்க்கு முன்னரே தெரிந்துவிட்டால் அதன் கூர் பெரிதும் மழுங்கிவிடும்.