நிலவேம்புக்கு முடிவு நாள் குறிப்போம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் புறநோயாளர் பிரிவுகளில் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் கேட்டு வருகிறவர்களின் வரிசை நீண்டுவிடும். அதில் காய்ச்சலே இல்லாதவர்களும் நிறையப் பேர் நிற்கிறார்கள். "வராம இருக்கறதுக்கு" ஒரு பொட்டலம், "சுகருக்கு நல்லதாம்" என்று ஒரு பொட்டலம், பிள்ளைகளுக்குப் பூச்சி விழ இன்னொன்று. 2012 டெங்குப் பருவத்தில் அரசே ஊர் ஊராகக் குடிநீர் வழங்கியது. 2020-இல் கபசுரக் குடிநீர் வீடுதோறும் கொதித்தது. அதன் பதினைந்து சரக்குகளில் நிலவேம்பும் ஒன்று. காய்ச்சல் மருந்தாக வீட்டுக்குள் வந்த கசப்பு, காய்ச்சல் போன பின்னும் காலைக் காப்பிக்கு முன் குடிக்கும் வழக்கமாகப் பல வீடுகளில் தங்கிவிட்டது. இப்போது அது மாத்திரையாகவும் கேப்சூலாகவும் 'எதிர்ப்பாற்றல்' என்ற பெயரில் விற்கிறது.

இந்தப் பழக்கத்தைப் பற்றி மருத்துவர்களாகிய நாம் பேசியே ஆக வேண்டும். நிலவேம்பு சுரத்துக்கான மருந்து. மருந்து என்றால் அதற்குத் தொடங்கும் நாளும் நிறுத்தும் நாளும் உண்டு. தொடங்கும் நாளை மட்டும் எழுதிக்கொடுத்து, நிறுத்தும் நாளை நோயாளியின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது மருத்துவம் ஆகாது.

இதைச் சொல்ல மேலை ஆய்வுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கைப்பு காற்றும் வெளியும் சேர்ந்த சுவை என்றும், அது மிகுந்தால் வளி மிகும் என்றும் முதலாண்டிலேயே படித்துவிட்டோம். மூட்டுவலியும் மலக்கட்டும் தூக்கக்குறைவும் உள்ள அறுபது வயது வளி உடலுக்கு, ஆண்டு முழுவதும் வெறும் வயிற்றில் கைப்பைக் கொடுப்பதற்கு எந்த நூலில் இடம் இருக்கிறது? எண்வகைத் தேர்வு செய்து, உடல் வன்மை பார்த்து, துணை மருந்தும் பத்தியமும் சொல்லிக் கொடுப்பதே நம் முறை. காய்ச்சி இறக்கிய குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சியதை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் குடிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய்ச்சும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குகிறவர்கள் நம்மில் குறைவு.

கேப்சூல் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரில் சம எடையாக ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். ஐந்து கிராம் சூரணம் எடுத்தால் அதில் நிலவேம்பு அரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். நல்ல சரக்கில் நிலவேம்பின் கைப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூரணத்தில் இருப்பதே பதினோரு மில்லிகிராம் அளவுதான். அது தண்ணீரில் எளிதில் கரையாத பொருள் என்பதால் குடிநீரில் இறங்குவது அதைவிடக் குறைவு. முப்பது சதவீதம் தரப்படுத்திய 400 மி.கி. சாறு கொண்ட கேப்சூல் ஒன்றிலோ அது 120 மி.கி. இருக்கும். சுக்கும் மிளகும் சந்தனமும் கொண்டு முன்னோர் கட்டிய காப்பு எதுவும் அந்தக் கேப்சூலில் இல்லை. குடிநீரின் நெடுங்கால அனுபவத்தைக் காட்டிக் கேப்சூலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இரண்டும் வேறு மருந்துகள், வேறு அளவுகள்.

தாய்லாந்து இந்த மூலிகையைக் கையாண்ட விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. அங்கே ஃபா தலாய் ஜோன் என்ற பெயரில் அது தேசிய மருந்துப் பட்டியலிலேயே உள்ளது. கொரோனா காலத்தில் லேசான தொற்றுக்கு அவர்கள் வகுத்த அளவு நாளுக்கு 180 மி.கி. ஆண்ட்ரோகிராபோலைடு, ஐந்து நாள். ஐந்து நாள் என்று முடிவும் சேர்த்தே எழுதப்பட்டது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்பதும் உடன் இருந்தது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு உண்டு. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க முதற்கட்டச் சோதனையில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நலமானவர்களுக்கும் உடல் எடைக்கேற்ப ஆண்ட்ரோகிராபோலைடை உயர்த்திக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி உட்படப் பாதகங்கள் வந்ததால் ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இந்த மூலிகை கலந்த பொருள்களின் மேலுறையில் ஒவ்வாமை எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாவில் சுவை கெடலாம், சுவையே தெரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. நம் சூரணப் பொட்டலங்களில் இப்படி ஒரு வரியைக் கண்ட நினைவு நமக்கு இல்லை. தடிப்பும் அரிப்பும் வந்த நோயாளியிடம் "கழிவு வெளியேறுகிறது" என்று சொல்லி மருந்தைத் தொடரச் சொல்வது ஆபத்தான வழக்கம். அதை இன்றே விட வேண்டும்.

கபசுரக் குடிநீரின் இன்னொரு கசப்பான சீந்திலின் கதை நம்மை இன்னும் கூர்மையாகச் சுடுகிறது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவின் பதின்மூன்று மையங்களிலிருந்து 43 பேரின் பதிவு வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். தன்னெதிர்ப்பு நோய்க்கான சாய்வு உள்ளவர்களிடம் சீந்தில் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்பது பதிவு செய்த மருத்துவர்களின் கருத்து. ஆயுஷ் அமைச்சகம் முதல் பதிவை ஏற்கவில்லை. அது வேறு இனச் சீந்திலாக இருக்கலாம் என்றது. சரியான இனம் எது என்ற கேள்வி நியாயமானது. வடநாட்டுச் சிராயிதாவும் நிலவேம்பும் கடைகளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போவது நாம் அறிந்ததே. ஆனால் இனம் தவறு என்ற பதிலோடு கதவைச் சாத்திக்கொண்டால், மஞ்சள் பூத்த கண்ணோடு வரும் அடுத்த நோயாளிக்கு அது எந்த வகையிலும் உதவாது. நம்மில் பலர் அப்போது காட்டிய கோபத்தில் பாதியையாவது விசாரணையில் காட்டியிருக்க வேண்டும்.

யாருக்கெல்லாம் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்பதில் ஐயம் அதிகம் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகை நூலும் அப்படியே சொல்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சர்க்கரைக்காக நிலவேம்பும் சேர்த்துக் குடித்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்க இடமுண்டு. வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், மாற்று உறுப்பைக் காக்க டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள், லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் ஆகியோரிடம் மறுப்பதே நல்லது. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு இல்லை. 1990-இல் திருச்சியிலிருந்து வெளிவந்த ஆய்வில் ஆண் எலிகளின் விந்து உற்பத்தி குறைந்தது. 1997-இல் வந்த வேறோர் ஆய்வு விரைகளில் அத்தகைய கேடு எதையும் காணவில்லை. தெளிவு வரும்வரை அவர்களுக்கு நீண்ட நாள் கொடுக்காதிருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஆகவே உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இது. நோயாளி உட்கார்ந்ததும் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்பதோடு, "வீட்டில் என்ன கஷாயம், என்ன பொடி" என்றும் கேளுங்கள். சுகர் பொடி, கடையில் கிடைக்கும் லிவர் டானிக் எல்லாம் அதில் அடக்கம். சீட்டில் அளவோடு நாள்களையும் எழுதுங்கள்: காய்ச்சலுக்கு மூன்று நாள் அல்லது ஐந்து நாள், பிறகு நிறுத்தவும். குறையாத காய்ச்சல், வயிற்றுவலி, இரத்தக் கசிவு இருந்தால் குடிநீரை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அதையும் எழுதுங்கள். பக்கவிளைவே இல்லை என்ற பேச்சை உங்கள் மருத்துவமனைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாதகம் எதுவும் தெரிந்தால், அது சிறு தடிப்பாக இருந்தாலும், தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புங்கள். சித்த மருந்துகளுக்கான இடைநிலை மையம் அதுவே. சூரணத்தின் தயாரிப்புத் தொகுதி எண், குடித்த அளவு, எத்தனை நாள், உடன் எடுத்த பிற மருந்துகள், கல்லீரல் இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை இருந்தால் பதிவுக்கு வலு கூடும். மீந்த சூரணத்தில் ஒரு பிடியைக் காற்றுப் புகாத குப்பியில் எடுத்து வையுங்கள். இனம் எது என்ற கேள்வி வரும்போது அதைத்தான் சோதிக்க முடியும். அத்தகைய பதிவுகளை, நோயாளியின் அடையாளம் மறைத்து, இனி ஒவ்வோர் இதழிலும் வெளியிடுவோம்.