கோழி வீட்டிற்குக் காற்று வேண்டும்



ஆண்டு மலரில் கல்வியின் சிறப்பைப் பற்றியும் ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். கோழிக் கூட்டைப் பற்றி எழுத நான் முன்வந்திருப்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் புறக்கடையில் பத்துக் கோழி வளரும் வீட்டில் பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கும். அது நகைப்பிற்குரிய செய்தியன்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், உள்நாட்டிலேயே போதாமையால், நம் மலேசிய நாடு கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கோழிக்கு அரசு வழங்கி வந்த உதவித் தொகை 2023 நவம்பரிலும், முட்டைக்கு வழங்கியது 2025 ஆகஸ்டிலும் முடிவுற்றன. பண்ணைக் கோழி உண்ணும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. நம் வீட்டுக் கம்போங் கோழியோ சமையலறையில் மிஞ்சியதையும், செம்பனை நிழலில் கிளறிய கரையானையும் தின்றே பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தும், "கோழி வளர்ப்பு எங்களுக்கு ராசியில்லை" என்று கைவிட்ட குடும்பங்கள் எத்தனை! கேட்டுப் பாருங்கள். "மழைக்காலம் வந்தது, எல்லாம் செத்துப் போயின" என்பார்கள். கண்ணேறு என்பார் சிலர். காலக்கேடு என்பார் சிலர். என் கருத்து வேறு. குற்றம் பெரும்பாலும் கூட்டினுடையது. மழைக்கு அஞ்சி நாம் கூட்டை அடைத்து விடுகிறோம். அந்த அடைப்பே கோழிக்கு எமனாகிறது.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன். 1979-ஆம் ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஓர் இரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். என் தாயார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டுபவர். அவர் அடைவைத்துப் பொரித்து வளர்த்த 14 கோழிகள் முட்டையிடும் பருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. முட்டை விற்ற காசில் அடுத்த ஆண்டிற்குப் பள்ளிச் சட்டையும் காலணியும் வாங்கித் தருவதாக எனக்கு வாக்களித்திருந்தார். நவம்பர் மழை வலுத்தது. கோழிகள் நனையக் கூடாதே என்ற இரக்கத்தால், அப்பாவும் நானும் கூட்டின் நாற்புறமும் மண்ணெண்ணெய்த் தகரங்களை விரித்து அடித்தோம். இடுக்குகளில் உரச்சாக்கைத் திணித்தோம். விரல் நுழைய இடமில்லை. எங்கள் வேலையை நாங்களே மெச்சிக் கொண்டோம்.

பத்து நாள் கழிந்தது. கூட்டைத் திறந்தால் கண் எரியும் நெடி. தரையில் ஈரம் சொதசொதத்தது. எச்சத்தில் இரத்தம் கண்டது. ஒரு வாரத்திற்குள் 11 கோழிகளைப் பால்மரத்தடியில் புதைத்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மிளகாயும் உப்பும் எடுத்து எஞ்சிய மூன்று கோழிகளுக்கும் சுற்றிப் போட்டார். நான் பழைய காலணியோடுதான் ஆறாம் வகுப்பிற்குப் போனேன்.

மழை உள்ளே வராத கூட்டில் ஈரம் எங்கிருந்து வந்தது? கோழியிடமிருந்தே வந்தது. கோழிக்கு வியர்ப்பதில்லை. அதன் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. அந்தச் சூட்டை அது வாய் திறந்து மூச்சிரைத்தே தணித்துக் கொள்கிறது. மூச்சோடு நீராவியும் வெளியேறும். எச்சத்திலும் நீர் மிகுதி. காற்றோட்டமில்லாத கூட்டில் இவை போக வழியின்றித் தரையில் படியும். எச்சத்திலிருந்து அம்மோனியா எழுந்து கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி முட்டைகளும் எச்சத்தோடுதான் விழுகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் அவை தொற்றும் நிலையை அடைகின்றன. காய்ந்த தரையில் அவற்றுக்கு அவ்வளவு வலிமையில்லை. ஆம்! நாங்கள் அடித்தது சுவரன்று. நோய்க்கு ஒரு தொட்டில்.

"காற்றுப் பட்டால் கோழிக்குச் சளி பிடிக்காதா?" என்று கேட்பீர்கள். கோழியின் முன்னோர் யாரென்று எண்ணிப் பாருங்கள். நம் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் இன்றும் திரியும் செந்நிறக் காட்டுக்கோழியின் இனமே அது. இரவில் அது எங்கே உறங்குகிறது? தரைக்கு மேலே, மரக்கிளையில், காற்றில்! இறகு காய்ந்திருக்கும் வரை நம் நாட்டு இரவுக் குளிர் வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாது. தாயில்லாத இளங்குஞ்சுகளுக்கு மட்டுமே முதற் சில வாரங்கள் தனிப் பெட்டியும் விளக்குச் சூடும் வேண்டும்.

அவ்வாண்டு இறுதியில் பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டு 'ரெபான்' கூட்டை அப்பாவிற்குக் காட்டினார். கால்மேல் நிற்கும் சிறு வீடு அது. தரை முழுதும் இடைவெளி விட்ட வரிச்சு. இறவாரம் நன்றாக வெளியே நீண்டிருந்தது. சுவரோ பாதிக்குமேல் இல்லை. அவர் குடியிருந்த வீடும் அதே அமைப்புத்தான் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

அந்த முறையை ஒட்டி, பத்துக் கோழிக்குப் போதுமான கூட்டின் அளவைக் கூறுகிறேன். பகலில் வெளியே மேயும் கோழிகளுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் போதும். தரை மண்ணிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். தூணுக்குப் பால்மரக் கட்டையை நடாதீர்கள். செலவில்லாமல் கிடைக்கிறது என்றுதான் நாம் அதனிடம் போகிறோம். பதப்படுத்தாத பால்மரத்தை வண்டும் பூஞ்சணமும் விரைவில் தின்றுவிடும். பாக்காவ் கழியோ, இடித்த வீட்டின் வைரம் பாய்ந்த பழஞ்சட்டமோ தேடுங்கள். அதையும் மண்ணில் புதையாமல் சிமெண்டுக் கட்டைமேல் நிறுத்துங்கள். தரைக்கு மூங்கிலைப் பிளந்து, முக்கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். அதுவே கீரைப் பாத்திக்கு எருவாகும். உட்காரும் கழிகள் ஒன்றரை அங்குலத்திற்குக் குறையாத பருமனில், 4 அடி நீளத்தில், இரண்டு வேண்டும்.

கூரைதான் முக்கியம். இதில் செலவைச் சுருக்கக் கூடாது. நெளிதகரம் முன்னே உயர்ந்து பின்னே ஓரடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். நாற்புறமும் இரண்டடி வெளியே நீளட்டும். ஆணியை நெளியின் மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீரெல்லாம் அந்தத் துளையைத் தேடி வரும். எத்தனையோ வீட்டுக் கூரைகளிலும் இந்தப் பிழையை நான் கண்டிருக்கிறேன்! தகரத்தின் பகற்சூட்டைத் தணிக்கத் தென்னை ஓலையைப் பரப்பலாம். முழுவதும் அத்தாப்புக் கூரையே போடுவது இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், எலியும் குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

சுவர் கீழே ஓரடி பலகை. அதற்கு மேலே கம்பி வலை. மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, மூசாங்கை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுடைய கெட்டி வலையே மலைப்பாம்புக் குட்டியையும் தடுக்கும். எந்தப் பக்கத்தை மட்டும் மறைப்பது? மேற்குக் கரையில் வாழ்வோர் சுமாத்திராக் காற்றை அறிவர். ஆண்டின் நடுமாதங்களில் விடியற்காலையில் கடலிலிருந்து சீறி வந்து, அன்றைய பால்வெட்டையே கெடுத்துவிடும் காற்று அது. ஆகவே அங்கே மேற்குச் சுவரைப் பலகையால் அடைக்கலாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து மழை வீசும். அங்கே அந்தத் திசை. மற்றப் பக்கங்களுக்குச் சுருட்டி இறக்கும் கித்தான் போதும். எந்தச் சுவரானாலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி வலை மட்டும் போட்டு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலேறி வெளியேறும் வாயில் அதுவே. கூட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்திற்கு வாய்க்காலும் வெட்டிவிடுங்கள்.

நல்ல கூடு எல்லா நோயையும் தடுத்துவிடும் என்று நான் கூறவில்லை. கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும் நியூகாசல் நோய்க்குத் தடுப்பு மருந்துதான் காவல். 1980-களில் நம் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களே கம்போங் கோழிக்கென வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். தீனியோடு கலந்தே கொடுக்கும் வகை அது. கால்நடைச் சேவை இலாகாவில் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்டறிய நாம் தயங்குவது ஏனோ தெரியவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், நகராட்சி கோழி வளர்க்க அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் விசாரித்துக் கொள்வது நலம்.

மாணவர்களே, கூடு கட்டும் வேலை பெரியவர்களுடையது. ஆனால் உங்கள் மூக்கும் கண்ணும் கோழியின் உயரத்திற்கு எளிதாகக் குனியும். ஆகவே ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். மழை பெய்து ஓய்ந்த காலையில், கோழிகளைத் திறந்து விடுமுன், கூட்டின் வாயிலில் தலையை நீட்டி ஐம்பது வரை எண்ணுங்கள். கண் எரிந்தால் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லி ஒரு பலகையைக் கழற்றச் செய்யுங்கள்.