வயர் இல்லை என்கிறார்கள். வயர் மன்னாரில் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து எங்கே பார்த்தாலும் மின்சாரக் கார்ப் பேச்சுத்தான். இப்போது அதற்கும் மேலே ஒரு படி போய்விட்டோம். காரை ஒரு தட்டின் மேல் நிறுத்தினால் போதுமாம், வயரே இல்லாமல் தானாகச் சார்ஜ் ஏறுமாம். வீடியோ வீடியோவாகப் பகிர்கிறோம். "நம்ம நாட்டுக்கு எப்ப வரும்?" என்று கீழே ஏக்கம் வேறு. வகுப்பில் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

வரட்டும். வந்தால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதுதான் நமது கேள்வி.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 1831இல் ஃபரடே காட்டிய மின்காந்தத் தூண்டல்தான். நிலத்தில் ஒரு செப்புச் சுருள், காரின் வயிற்றில் இன்னொரு சுருள். கீழே காந்தப்புலம் மாற மாற, மேலே மின்சாரம் பிறக்கிறது.

நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் பாரமான கேபிளைத் தூக்க வேண்டியதில்லை. நம் கடற்கரை உப்புக்காற்றில் பிளக்கின் முனை கறள் பிடிக்கும் தொல்லையும் இல்லை. ஒரே பாதையில் ஓடி ஒரே தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இது நல்ல ஏற்பாடு. நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம், பெரிய பற்றரி தேவைப்படாது. தென்கொரியாவின் குமி நகரில் 2013இலேயே வீதிக்குள் சுருள் புதைத்து பஸ் ஓட்டினார்கள். அமெரிக்காவின் டெட்ரொய்டில் 2023 நவம்பரில் கால் மைல் வீதியையே அப்படி அமைத்தார்கள்.

ஆனால் வீட்டுக் கராஜில்? அங்கே மிச்சமாவது பிளக் செருகும் அரை நிமிடம் மட்டும்தான்.

அந்த அரை நிமிடத்துக்குக் கொடுப்பது என்ன? நிலத்துக்கு ஒரு தட்டு, காருக்கு ஒரு தட்டு என்று இரட்டைச் செலவு. 2020இல் வந்த சர்வதேசத் தரநிலையின்படி வேகம் 11 கிலோவாட்டோடு நின்றுவிடும். அவசரத்துக்கு உதவும் வேகச் சார்ஜர் இதைவிடப் பல மடங்கு தரும். இடையில் ஒரு இரும்புத் துண்டு கிடந்தால் சூடேறும், பூனை படுத்தால் நிறுத்த வேண்டும். அதற்கெல்லாம் தனித்தனி உணரிகள்.

எல்லாவற்றுக்கும் மேலே இழப்பு. இரண்டு சுருளும் நேர்நேராக நின்றால் 93 வீதம்வரை கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் அதே தரநிலை கேட்கும் குறைந்தபட்சம் 85 வீதம்தான். கார் கொஞ்சம் விலகி நின்றால் 80. கேபிளிலும் இழப்பு உண்டு, ஒத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 5 வீதம் என்றே வைத்துக்கொள்வோம்.

5 வீதம்தானே என்பவர்கள் மன்னாருக்கு வாருங்கள்.

நம் தீவின் தென்கரையில் தம்பபவனி நிற்கிறது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். அதன் மின்சாரம் முழுவதும் இப்படிக் கார்களுக்குப் போனால், ஒன்றரைக் காற்றாலை சுற்றுவது யாரோ ஒருவரின் கராஜ் தரையைச் சூடாக்க மட்டும்தான். அவர் கராஜில் வயர் இல்லை. அந்த வயர் நடுக்குடா உபமின்நிலையத்திலிருந்து நம் தலைக்கு மேலால் போகிறது. வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, மீன்பிடி கெடுகிறது, வலசைப் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது என்று சொல்லித்தான் 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள், மதம் பாராமல், புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். அங்கே வீணாகும் ஒவ்வொரு அலகுக்கும் இங்கே இன்னொரு தூண் கேட்பார்கள்.

நம் சமூகத்துக்கு இது இரட்டிப்பாகப் புரிய வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மில் பெரும்பாலானோர் ஒதுங்கியது புத்தளத்தில். அங்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுந்தது. மீளக் குடியேற வந்தால் இங்கே காற்றாலை. நாட்டின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு யாரும் படமெடுத்துக் காட்டத் தேவையில்லை.

ஓடுகிற ஆற்றில் வுழூ செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மின்சாரத்துக்கு மட்டும் வேறு சட்டமா?

மின்சாரக் கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெய் வரிசையில் நாட்கணக்கில் நின்ற 2022ஐ யாரும் மறக்கவில்லை. நாம் கேட்பது முறையான வரிசை. முதலில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பாடசாலை, கச்சேரி வாசலில் சாதாரணப் பிளக். அதுவும் பகலில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்து பகல் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சூரியப் படலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதே, அந்த மிச்சத்தைக் காருக்கும் ஓட்டோவுக்கும் ஏற்றலாமே! அதன் பிறகு பஸ்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வயரில்லாத் தட்டுப் போடுங்கள், நாமே வரவேற்போம். கராஜ் சொகுசு கடைசியில் வரட்டும்.

அடுத்த தடவை அந்த வீடியோவைப் பகிரும்போது ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்த மின்சாரம் யாருடைய கரையிலிருந்து வருகிறது?